ஜெனோவாவின் கணுக்கால்

விசில் சத்தம் கேட்டதா அக்கா? உள்ளே ஊதினது மாதிரி இருந்தது. இல்லையா? பஸ் கண்டக்டரா? இங்கே உட்கார்ந்தால் எது மைதானத்து விசில், எது ரோட்டு விசில் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்கள் மகள் எந்தக் குழு? மத்தியானமா? அப்படியென்றால் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கலாம். எங்கள் ஜெனோவா காலைக் குழு. உள்ளே போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. முதலில் சான்றிதழ் பார்ப்பார்கள், உயரம் அளப்பார்கள், அப்புறம் ஓட்டம். ஓட்டத்தில் நேரத்துக்குள் வந்தால்தான் தாண்டுவது, எறிவது எல்லாம். வராதவர்களை அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்களாம். அதனால் அவள் வராமல் இருக்க இருக்க நல்லது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்தமா? இல்லை அக்கா, எதிர்வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுடைய அம்மா மிக்கேலம்மா மாமி அதோ நிற்கிறார்கள், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீலச் சேலை. வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்வதை மாமி கேட்க மாட்டார்கள். அதுதான் இந்த மாதம் முழுக்க நடந்த கதையே.

நான் பிசியோதெரபி படித்தவள். பெயர் பிரின்சி. எங்கள் தெருவில் மருத்துவப் படிப்பில் பட்டம் வாங்கின முதல் ஆள். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் ஆள் என்பது எவ்வளவு பயம் தெரியுமா? நான் ஒரு தப்புச் செய்தால் பிரின்சி தப்புச் செய்தாள் என்று சொல்ல மாட்டார்கள். படிப்பே இப்படித்தான் என்பார்கள். அடுத்தவள் படிக்கப் போகும்போது, அந்தப் பிரின்சி படித்துக் கிழித்தாளே என்று அவளையும் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நான் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தெரிந்தால் தெரியும் என்பேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். நடுவில் ஒன்றும் கிடையாது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கால் சுளுக்கினால் முதலில் என்ன வைப்பீர்கள்?

பார்த்தீர்களா. உப்பு ஒத்தடம். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள். கோபம் இல்லை அக்கா, சும்மா கேட்டேன்.

ஜெனோவா போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டாள். எங்கள் கடற்கரையில் பெண் போலீஸ் என்று இதுவரை யாரும் இல்லை. சாயங்காலமானால் ஈரமணலில் ஓடிப் பழகுவாள். பெண்பிள்ளை ஓடுகிறதைப் பார்க்கப் படகு மேலே உட்கார்ந்திருப்பார்கள் பையன்கள். "ஏ ஜெனோவா, திருடனைப் பிடிக்கப் போறியா, திருக்கையைப் பிடிக்கப் போறியா?" என்பார்கள். "மொதல்ல ஒன்னத்தான்டா பிடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். அப்படித் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்ன ஒரு சாயங்காலம், மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த நங்கூரக் கயிற்றை மிதித்துவிட்டாள். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டது.

எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடிப் போவதற்குள் மாமி இரும்புச் சட்டியில் கல் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, சுடச் சுட வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். புது அடி அக்கா. அப்போதுதான் உள்ளே ரத்தம் கசிகிறது. அதன் மேல் சூட்டை வைத்தால் என்ன ஆகும்? பன் மாதிரி வீங்கி நிற்கிறது. நான் மூட்டையைப் பிடுங்கி அந்தப் பக்கம் போட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான் போட்டேன் போலிருக்கிறது, உப்பு சிதறிவிட்டது.

முதலில் எலும்பை அழுத்திப் பார்த்தேன். பின்பக்க முனையில் நோவு இல்லை. ஊன்றச் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினாள், நடந்தாள். மறுநாள் எக்ஸ்ரேயும் எடுக்க வைத்தேன், எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை என்பதற்காக இல்லை, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்பதற்காக. முறிவு இல்லை. சுளுக்குத்தான். அது மறுநாள் தெரிந்தது. அடிபட்ட அன்று சாயங்காலமே, "மாமி, சூடு வேண்டாம். ஐஸ் வைக்கணும். துணியில சுத்தி, ஒரு கால்மணி நேரம். அப்புறம் எடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப. ரெண்டு மூணு நாளைக்கு இதுதான். கட்டு போடணும், காலைத் தலகாணி மேல ஒசத்தி வைக்கணும்" என்றேன்.

மாமி என்னை எப்படிப் பார்த்தார்கள் என்கிறீர்கள்!

"ஐஸா? என்ன பேசுத ஏட்டி? எம்புள்ள என்ன செத்த மீனா?"

"மாமி, இது மருத்துவம்."

"எது மருத்துவம்? உசுரோட இருக்கறதுக்குச் சூடு. செத்ததுக்கு ஐஸு. இது தெரியாமலா நாலு வருசம் படிச்ச?"

நாலு வருஷம் இல்லை, பயிற்சியோடு சேர்த்து நாலரை. அதைக்கூட மாமி சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? ஐஸ் கம்பெனியில் பாறை பாறையாக உடைத்துக் கூடையில் போடுவார்கள். மாமியே மீன் வியாபாரிதான். விடிந்ததிலிருந்து ஐஸுக்குள் கைவிட்டு விட்டு விரல் எல்லாம் வெளுத்து விறைத்துப் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் குளிர் என்றால் நோவு, சூடு என்றால் மருந்து. நான் அதைப் புரிந்துகொள்ளாதவள் இல்லை.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஜெனோவாவின் அப்பா தங்குகடலுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து படகிலேயே இறந்துவிட்டார். பல நாள் தங்கிப் பிடிக்கிற தூரம். கரைக்கு வந்து சேர நேரம் ஆகும். மீன் அறையில் ஐஸுக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? இறக்கி வைத்தபோது முகத்தில் கிடந்த ஐஸை மாமிதான் கையால் ஒதுக்கிவிட்டார்கள். நானும் ஜெனோவாவும் பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் நின்றோம். ஆனால் அது வேறு விஷயம் அக்கா. அதற்கும் கணுக்காலுக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே ரத்தம் கசிகிறது, ரத்தக்குழாய் சுருங்க வேண்டும், சுருங்குவதற்குக் குளிர். இவ்வளவுதான். இதை மாமிக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கம் படம் வரைந்துகூடக் காட்டினேன். மாமி படத்தைப் பார்க்கவே இல்லை.

கேட்டைத் திறக்கிறார்களா? இல்லை, அது டீ கொண்டுபோகிற ஆள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம். படத்தைப் பார்க்காமல் மாமி என் பாதத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "ஐஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒன் கால வச்சு மூணு தடவ தடவி விடு. போதும்" என்றார்கள்.

இதை எப்படி உங்களிடம் சொல்வது? வெட்கமாக இருக்கிறது. நான் பிறக்கும்போது தலை முதலில் வரவில்லை, கால்தான் முதலில் வந்ததாம். உங்கள் ஊரிலும் சொல்வார்களா? கால்வழிப் பிறந்தவர்கள் காலால் தடவினால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்று? அதேதான். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்தத் தொல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பெரிய பெரிய மாமாக்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அம்மா என்னைத் தூக்கி அவர்கள் முதுகில் நிறுத்துவாள். இறங்கினதும், பெரியவர்கள் மேல் கால் பட்டுவிட்டது இல்லையா, அவர்களையே தொட்டுக் கும்பிடச் சொல்வாள். எனக்கு மிட்டாய் கிடைக்கும். சின்னப் பிள்ளையில் அது சரி.

படித்து வந்த பிறகு? வாசலில் போர்டு வைத்தேன் அக்கா. பிரின்சி, பி.பி.டி., இயன்முறை மருத்துவர் என்று. பகலில் டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை, சாயங்காலம் வீட்டில் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. முதல் நாள் வந்தவர் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார். ரொம்ப சந்தோஷம் என்றார். உள்ளே வந்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். "டாக்டரம்மா, ஒரு மிதி" என்றார். நான் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, காலுக்கு இறங்குகிறதா என்று கேட்கிறேன். "அதெல்லாம் எதுக்குட்டி? மிதிச்சா ஓடிரும்" என்கிறார். அந்தக் கால் என் படிப்பை மிதித்துக்கொண்டு நிற்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் கால் வைப்பதில்லை. யாரும் வருவதும் இல்லை. அம்மா சொல்கிறாள், "காலையும்தான் வச்சு விடேன், என்ன கொறஞ்சா போவ?" என்று. குறைந்து போவேன். அதை அம்மாவிடம் எப்படி விளக்குவது?

அதனால் மிக்கேலம்மா மாமியிடமும் மாட்டேன் என்றேன். மாமி ஐஸ் மாட்டேன் என்றார்கள். நான் கால் மாட்டேன் என்றேன். நடுவில் அந்தக் கணுக்கால் வீங்கிக்கொண்டே போகிறது. ஜெனோவாதான் கத்தினாள்.

"ஏட்டி பிரின்சி, வச்சுத் தொலையேன்! எனக்கு உயிர் போவுது. நீ காலையும் வை, ஐஸையும் வை. எம்மா, நீ ரெண்டையும் வாங்கிக்க. எனக்கு ஓடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மாமி சிதறிக் கிடந்த உப்பைக் காலால் ஒதுக்கினார்கள். அப்புறம் சொன்னார்கள்: "அவ கால வைக்கட்டும். வச்சா, அவ சொல்லுத எதையும் வைக்கேன்."

வைத்தேன் அக்கா. ஒரு நோயாளியின் நன்மைக்காக வைத்தேன். ஆனால் பொய் சொல்லி வைக்கவில்லை. "இதனால ஒண்ணும் ஆகாது. லிகமென்ட்டுக்கு நான் எப்படிப் பிறந்தேன்னு தெரியாது. நீங்க ஐஸ் வைக்கணும்கறதுக்காக மட்டும்தான் இதைச் செய்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மாமி கண்ணை மூடி அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா சிரித்துவிட்டாள். "ஒன் கால் ஐஸவிடக் குளிரா இருக்குட்டி" என்றாள். அவ்வளவு நேரம் அழுதவள். சிரித்தால் உடம்பு தளரும், தளர்ந்தால் நோவு கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். அது உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

சரி, இனி ஐஸ் வந்துவிடும் என்று நினைத்தேன். ஐஸ் கம்பெனி எங்கள் தெருமுனையில். ஒரு கை கேட்டால் சும்மாவே தருவார்கள். மாமி எழுந்து போனார்கள். போனவர்களைக் காணோம். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். ஒவ்வொரு நிமிஷமும் வீக்கம் கூடுகிறது. கடைசியில் மாமி வருகிறார்கள், ஐஸ் கம்பெனி பக்கமிருந்து இல்லை, எதிர்ப்பக்கமிருந்து, பள்ளிக்கூட ரோட்டிலிருந்து. முந்தானையில் ஏதோ கட்டியிருக்கிறது. சேலை எல்லாம் நனைந்து சொட்டுகிறது.

பாக்கெட் ஐஸ் அக்கா. பிள்ளைகள் கடித்து உறிஞ்சுமே, நீளமாகப் பிளாஸ்டிக் உறையில். ஆரஞ்சு, திராட்சை, ரோஸ். பள்ளிக்கூடத்து வாசல் கடையில் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"இது என்ன மாமி?"

"ஐஸு."

"மாமி, இங்க பக்கத்துலயே..."

"அது வேண்டாம். இது புள்ளைங்க திங்கற ஐஸு. இத வை."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு தூரம் நடந்து, பாதி உருகி, அதில் கலர் வேறு. பக்கத்தில் சுத்தமான ஐஸ் இருக்கும்போது மாமி ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் எதையும் நேர்மையாகச் சொல்கிறவள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட் கணுக்காலைச் சுற்றி நன்றாகவே வளைந்தது. துண்டை நனைத்துச் சுற்றி, அதன் மேல் வரிசையாக வைத்துக் கட்டினால் எங்கேயும் இடைவெளி இல்லை. கிளினிக்கில் நாங்கள் வைக்கிற பையைவிட நன்றாகப் படிந்தது. மாமியே கட்டினார்கள். கட்டிவிட்டுக் கையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். "கைய எடுங்க மாமி, கை சூடு பட்டா உருகிரும்" என்று நான் எத்தனை தடவை சொல்லியும் எடுக்கவில்லை.

கால்மணி நேரம் ஆனதும் அவிழ்த்தேன். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஜெனோவா ஒரு ரோஸ் பாக்கெட்டை எடுத்துக் கடித்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். காலில் வைத்ததை! மாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லா இருக்கா என்று கேட்டார்கள். "இன்னொண்ணு குடு" என்றாள் அவள். மறுநாள் எறும்பு. பாய், தலையணை, கட்டுத்துணி, எங்கே பார்த்தாலும் எறும்பு. ஆனால் வீக்கம் நின்றுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இது விசில்தான் அக்கா. உள்ளேதான். கேட்டீர்களா? நீளமாக ஒன்று. ஓட்டம் ஆரம்பித்திருக்குமோ? முடிந்திருக்குமோ? மாமி பாருங்கள், கம்பிக்குள் முகத்தையே நுழைத்துவிட்டார்கள்.

வீக்கம் இறங்கினதும் காலில் ஒரு விறைப்பு இருந்தது. மடக்க வராது. அதற்குச் சூடுதான். கசிவு எல்லாம் அடங்கின பிறகு இதமான சூடு வைத்தால் இறுக்கம் இளகும், அப்புறம் பயிற்சி. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து வைக்கலாம், உப்பு ஒத்தடமும் வைக்கலாம், கையில் வைத்துப் பார்த்துத் தாங்குகிற சூடுதான் என்று மாமியிடம் சொன்னேன். மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இதத்தானே நான் மொத நாளே செஞ்சேன்?"

"அன்னைக்கு அது தப்பு மாமி. இன்னைக்குச் சரி."

"நல்ல படிப்புட்டி ஒன் படிப்பு. அதே சட்டி, அதே உப்பு. அன்னைக்கு வெசம், இன்னைக்கு மருந்து."

"ஆமா மாமி. அதேதான்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் சிந்தின உப்பையாவது அள்ளி வச்சிருப்பேன்."

தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் கவலைப்படவில்லை. கவலைப்பட எனக்கு நேரம் இல்லை. ஒற்றைக்காலில் நிற்க வைத்தேன். சுவரைப் பிடிக்காமல் நிற்க வைத்தேன். குதிகால் தூக்க வைத்தேன். மணலில் இல்லை, கோயில் முற்றத்துச் சிமெண்ட் தரையில் நடக்க வைத்து, அப்புறம் மெல்ல ஓட வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் தினமும் நானும் கூடவே. ஓடி முடித்ததும், "வலிக்குதா?" என்று கேட்பேன். "இல்ல" என்பாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு, உள்ள இழுக்குதா? குத்துதா?" என்பேன். "லேசா" என்பாள். நிறுத்திவிடுவேன். முழு வேகத்தில் ஓட நான் ஒருநாளும் விடவில்லை. திரும்பவும் மடங்கினால் என்ன ஆகும்? யார் பொறுப்பு? புத்தகத்தில் இருக்கிறது, ஒருதடவை மடங்கின கால் இன்னொரு தடவை மடங்கச் சுலபம் என்று. அதை அவளுக்கு வாசித்தும் காட்டினேன். தெரியாமல் ஓடக் கூடாது இல்லையா?

தெருவில் என்ன பேச்சு தெரியுமா? பிரின்சி கால் வச்சா, மிக்கேலம்மா மவ எந்திரிச்சு ஓடுதா. அவ்வளவுதான். ஐஸை ஒருத்தர் சொல்லவில்லை. கட்டுப்போட்டதை, உயர்த்தி வைத்ததை, பயிற்சியை, எதையும் சொல்லவில்லை. மறுபடியும் ஆட்கள் வந்து எங்கள் வாசலில் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

அது போகட்டும். இன்று காலை நடந்ததைக் கேளுங்கள்.

இந்த கேட் முன்னால்தான். வரிசையில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெனோவா முகம் வெளுத்துப் போயிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "ஏட்டி, கால் தாங்குமா?"

நான் என்ன சொல்ல முடியும் அக்கா? தாங்கும் என்று சொல்ல நான் என்ன சாமியா? யோசித்துத்தான் சொன்னேன். "எழுபது சதவீதம்."

"மிச்சம் முப்பது?"

"அதை யாரும் சொல்ல முடியாது. வலிச்சா உடனே நிறுத்திரு. காலை விட வேலை பெரிசில்ல."

என் கையை விட்டாள். அப்புறம், இத்தனை பேர் நிற்கிறார்கள், சும்மா ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றினாள். காலை எனக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரே ஒரு தடவை வை."

டிகிரி முடித்தவள் அக்கா. பி.எஸ்சி. வேதியியல். என்னோடு உட்கார்ந்து அந்தக் கதையை எல்லாம் கேலி செய்தவள். "நீயுமா?" என்றேன். "சும்மா வையேன்டி. எனக்காக" என்றாள். மாமி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி எல்லாப் பிள்ளைகளும், அவர்கள் அப்பா அம்மாவும் பார்க்கிறார்கள்.

அன்று வைத்தேனே என்றால், அன்று ஐஸுக்காக வைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று என்ன காரணம்? வைத்தால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் நான் செய்த சிகிச்சையின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். "ஜெனோவா, உன் கால் சரியானதுக்குக் காரணம் என் கால் இல்ல. உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் குனிந்து சாக்ஸை மாட்டினாள், ஷூவை மாட்டினாள். கயிற்றைக் கட்டிய மாதிரியே தெரியவில்லை, திரும்பத் திரும்பக் கட்டினாள். பெயர் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் செய்தது சரிதானே? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

தண்ணீரா? வேண்டாம் அக்கா, நீங்கள் குடியுங்கள். பரவாயில்லை.

அக்கா, கேட். கேட்டைத் திறக்கிறார்கள். இது டீக்காரர் இல்லை. பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்று, இரண்டு... மஞ்சள் பனியன் ஒருத்தி, அவள் பின்னால், அவள்தான்! ஜெனோவாதான்! பாருங்கள், வலது காலைப் பாருங்கள். குதிகால் முதலில் பதிகிறது, அப்புறம் முழுப் பாதம், அப்புறம் விரலால் தள்ளுகிறாள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு அடி. சாய்வே இல்லை. கொஞ்சம்கூட நொண்டவில்லை. நான் சொன்னேனே! இவ்வளவு சமமான நடை, சுளுக்கே இல்லாதவர்களுக்குக்கூட வராது. கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா பாருங்கள், ஒரு சொட்டு இல்லை.

என்ன? முகமா? நான் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெனோவா! இங்கே! வலிச்சுதா?

"இல்ல."

கொஞ்சம்கூடவா?

"இல்லட்டி. ஒரு சுத்து முழுக்க, இப்ப வலிக்கும், இப்ப வலிக்கும்னு பாத்துக்கிட்டே ஓடுனேன். வலிக்கவே இல்ல. கோட்டத் தாண்டுன பொறவுதான் தெரிஞ்சுது, வலிக்கலன்னு."

அப்புறம்?

"அப்புறம் என்ன? எனக்கு முன்னால வந்தவ வரைக்கும் எடுத்துக்கிட்டாங்க. என் நேரம் முடிஞ்சு போச்சு. கண்ண மூடித் தொறக்கற நேரம்தான். வா போவோம்."

மாமி அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். "கால் நல்லா இருக்குல்லா? அது போதும். நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம், வா" என்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். "பிரின்சி, நீயும் வாட்டி, வெயில்ல நிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.

நீங்கள் கேட்டீர்கள்தானே அக்கா? அவள் வாயாலேயே சொன்னாள். ஒரு துளி வலி இல்லை என்று. அந்த வீக்கத்துக்கு, இவ்வளவு கொஞ்ச நாளில், முழு ஓட்டம், வலி பூஜ்யம். இது ரொம்ப நல்ல முடிவு. எங்கள் பேராசிரியர் கேட்டால் ஒத்துக்கொள்வார். நேரம் முடிந்துபோனது வேறு விஷயம். அதற்கும் கணுக்காலுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த வருஷமும் தேர்வு வைப்பார்கள். வைப்பார்கள்தானே?

இதோ, நானும் போக வேண்டும். அவர்கள் முனை திரும்பப் போகிறார்கள். பாருங்கள், எவ்வளவு நன்றாக நடக்கிறாள்.

ஒரு நிமிஷம் அக்கா. ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டேன், மரத்துப்போயிருக்கிறது. ஊன்றினால் தரையே தெரியவில்லை. ரத்தம் ஓடினால் சரியாகிவிடும், இது எல்லோருக்கும் வருவதுதான். நீங்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.